மணியின் மூட்டு வலி

எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளரும் நாய் மணிக்கு வயது 12. மூட்டு வாதத்தால் வாசற்படி ஏறவும் முனகுகிறது. நாயின் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்து மூட்டில் ஊசியாகச் செலுத்தும் சிகிச்சை உண்டென அறிந்து, கால்நடை டாக்டரிடம் ஓடினேன். 2007-இல் அமெரிக்காவில் 21 நாய்களைக் கொண்டு நடந்த சோதனையில், செல் பெற்றவற்றின் நொண்டல் குறைந்தது மெய்யே. ஆயினும் தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளருமென்று வாக்களிக்க இயலாது என்றார்.

"இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள்?"

"நான் உட்கொள்ளும் ஐபுப்ரோஃபென் மாத்திரையில் பாதி."

அவர் முகம் சிவந்தது. அது நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்குமாம். நேயர்களே, அத்தவற்றை நீங்களேனும் செய்யாதீர்கள்.

மூட்டின் பாரம் குறைய, மணிக்கு இப்போது அளவுச் சோறுதான். ஊசியைப் பற்றிப் பிறகு பார்ப்போம். வெறுந்தட்டை நக்கிவிட்டு அது என் மனைவியைப் பார்க்கும் பார்வைதான் தாளவில்லை.