மூன்று தரம் தோற்ற பிறகும் 'இன்னொருக்கா'வா?

"நம்பிக்கையை விடாதேங்கோ" என்பதை எங்கட சமூகத்தில் ஆரும் கெட்ட வார்த்தையாக எடுப்பதில்லை. நாங்கள் எடுக்கிறோம். மூன்று தரம் ஐ.வி.எஃப். செய்து மூன்று தரமும் சரிவராத ஒரு பெண்ணிடம் அதைச் சொன்னால் அது ஆறுதல் இல்லை, நாலாவது தரத்துக்கான உத்தரவு. சொல்லுறவைக்கு ஊசியும் ஏறுவதில்லை, காசும் போவதில்லை.

கலைப்பீடத்தில் படிக்கிற இருபத்திரண்டு வயதுக்காரருக்கு இதில் என்ன கதை என்று கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது கருவுறாமையைச் சந்திக்கிறார். எங்கட விரிவுரை மண்டபத்தில் அறுபது பேர் இருந்தால் பத்துப் பேர். ஆகவே இது எங்கட கதையும்தான்.

எங்களுக்கு நெருக்கமான அக்கா ஒருவர் நாலு தரம் போய்வந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ், வெள்ளவத்தையில் வாடகை அறை, பத்துப் பன்னிரண்டு நாள் ஹோமோன் ஊசி, மயக்கத்தில் முட்டை எடுப்பது, கரு வைப்பது, பிறகு இரண்டு கிழமை காத்திருப்பு. முதல் தரத்தோடு சேமிப்பு முடிந்தது. இரண்டாம் தரத்துக்குத் தாலிக்கொடி அடைவுக்குப் போனது. மூன்றாம் தரத்துக்குக் கனடாவிலிருந்து மச்சாள் காசு அனுப்பினா. காசோடு சேர்த்துக் கிழமைக்கு ஒருக்கா கோலும் எடுத்தா. நாலாம் தரம் ஏன் செய்தனீங்கள் என்று கேட்டோம். "நிப்பாட்டுறன் எண்டு ஆரிட்டச் சொல்லுறது?" என்றா.

எங்கட கோபம் இங்கேதான் தொடங்குகிறது. தொடருவதற்கு எல்லாரிடமும் உதவி இருக்கிறது. கோயிலில் தொட்டில் கட்டக் கூட்டிக்கொண்டு போவினம், சென்னையில் 'கைராசிக்கார' டொக்டரின் நம்பர் தருவினம். "சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்" என்பதைக் கந்தசஷ்டி விரதத்தோடு முடிச்சுப்போட்டு விளக்கம் சொல்லாத மாமாவை நாங்கள் இன்னும் காணவில்லை. (சட்டியையும் அகப்பையையும் சமைக்கிறவையிட்டயே விட்டிருக்கலாம்.) ஆனால் "போதும், நிப்பாட்டுவம்" என்று ஒரு சோடி முடிவெடுத்தால் அதற்குத் துணைநிற்க ஒரு சனம் இல்லை. ஒரே ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிற வீட்டில் நிற்கிறவரைப் பார்த்து "உங்கட விருப்பம்தானே" என்று சொல்லுகிறோம்.

தனியார் கிளினிக்குகளுக்கு இது நன்றாகத் தெரியும். 'வெற்றி வீதம்' என்று பலகையில் போடும் இலக்கம் எதன் வெற்றி? இரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்ததா, பிள்ளை உயிரோடு பிறந்ததா? எந்த வயதுக்காரருக்கு? பிரித்தானியாவில் இந்தச் சிகிச்சையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு வெளியிடும் கணக்கில், சொந்த முட்டையால் உருவான ஒரு கருவை வைத்தால் 35 வயதுக்குக் கீழே ஏறத்தாழ மூன்றில் ஒரு தரம் பிள்ளை பிறக்கிறது. 43, 44 வயதில் அது நூற்றுக்கு ஐந்து அளவுக்கு இறங்கிவிடுகிறது. இங்கே எங்கட கையில் கிடைப்பது பெரும்பாலும் குண்டுக் குழந்தையின் படம் போட்ட துண்டுப்பிரசுரம்.

தோல்விக்குப் பிறகு விற்கப்படும் 'மேலதிக' சிகிச்சைகள் இன்னொரு கூத்து. கருப்பையின் உட்சுவரை மெல்லச் சுரண்டிவிட்டால் கரு ஒட்டும் என்று உலகம் முழுக்கச் செய்தார்கள். ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2019இல் வந்தது. சுரண்டினவர்களிலும் சுரண்டாதவர்களிலும் பிள்ளை பிறந்த வீதம் ஒன்றேதான்: 26.1. அந்த வலிக்கும் பில் போட்டிருப்பார்கள்.

இதனால் நாலாம் தரமே போகக்கூடாது என்று சொல்ல நாங்கள் ஆரும் இல்லை. போகிறவர் கேட்டுவிட்டுப் போகட்டும். போன தரம் எந்த இடத்தில் பிழைத்தது? முட்டை போதவில்லையா, கருக்கட்டவில்லையா, ஐந்தாம் நாள் வரை கரு வளரவில்லையா, வளர்ந்தும் ஒட்டவில்லையா, ஒட்டியும் கலைந்ததா? ஒவ்வொன்றும் வேறு வேறு தோல்வி. இந்த முறை எதை மாற்றப் போகிறீர்கள்? அந்த மாற்றத்துக்கு ஆதாரம் என்ன? என்ர வயதுக்கு, என்ர ரிப்போட்டுக்கு, பிள்ளை கையில் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? டொக்டரிடம் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட எங்கட சனத்துக்கு இது கஷ்டம்தான். ஆனால் அதே சனம் நாலு இலட்சத்துக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினால் எஞ்சினைத் திறந்து பார்க்காமல் விடுவதில்லை.

ஆம்பிளையளுக்கும் ஒரு வார்த்தை. கருவுறாமையில் ஏறத்தாழப் பாதிச் சோடிகளில் ஆணின் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனை ஊசி இல்லாத, வலி இல்லாத, மலிவான பரிசோதனை. அப்படியிருந்தும் பெண்ணுக்கு எல்லாம் செய்து முடித்த பிறகுதான் சில வீடுகளில் அது நடக்கிறது. 'மலடி' என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது. 'மலடன்' என்று ஆர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்?

எங்கட பக்கத்து நண்பர்களோடும் ஒரு சண்டை இருக்கிறது. "பிள்ளை வேணுமெண்ட ஆசையே ஆணாதிக்கம் ஊட்டினது, எதுக்கு இந்தக் கொடுமை" என்று வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழர் சொன்னார். ஒரு பெண் பிள்ளைக்கு ஆசைப்படுவதைப் புத்தகத்தை வைத்துப் பிழை திருத்த வேண்டாம், தோழர். அந்த ஆசையை ஊரே குத்தகைக்கு எடுப்பதுதான் எங்கட பிரச்சினை. 2009க்குப் பிறகு "எங்கட இனம் குறையுது, பிள்ளையளப் பெறுங்கோ" என்று மேடையில் முழங்குகிறவர்களும் அந்தக் குத்தகைக்காரர்தான். இழந்த சனத்தின் கணக்கை ஒரு பெண்ணின் கருப்பையில் நேர்செய்யச் சொல்லுகிறார்கள்.

அதேபோல, "ஒண்டை எடுத்து வளக்கலாமே" என்பதையும் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இலங்கையில் மகவேற்புக்கு 1941ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. நன்னடத்தைத் திணைக்களம், நீதிமன்றம் என்று நீண்ட வழி. சிறுவர் இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களை அங்கே விட்டிருக்கிறது. கடையில் கேட்ட சாமான் இல்லையென்றால் வேறொன்றை எடுப்பது போல ஒரு பிள்ளையை எடுக்க முடியாது. இழப்பை அழுது முடித்து, அந்தப் பிள்ளையை அந்தப் பிள்ளைக்காகவே விரும்புகிறவர்கள் போகட்டும்.

அந்த அக்காவும் அத்தானும் இப்போது நிறுத்தியிருக்கிறார்கள். கிளினிக்கில் இரண்டு கரு உறைநிலையில் இருக்கிறது. வருசா வருசம் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். தை மாதத்துக்குள் முடிவு சொல்லச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. வைப்பதா, வைத்திருப்பதா, விடுவதா என்று இரண்டு பேரும் கதைக்கினம். நாங்கள் கேட்பதில்லை.

எங்களில் ஒருத்தியின் அண்ணாவுக்கு ஆவணியில் கலியாணம். ஆலாத்தி எடுக்க அந்த அக்காவைக் கேட்டிருக்கிறோம். "பிள்ளைகுட்டி உள்ளவையாப் பாத்துக் கூப்பிடுங்கோ" என்று பெரியம்மா சொல்லிப்போட்டா. வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது. நாங்கள் விடுகிற மாதிரி இல்லை.