அட்டைக்கு முன் தாள்

அட்டை கழன்ற பழைய நூலைக் கண்டதும் "பைண்டிங்குக்குப் போடுங்கள்" என்று சொல்லிவிடுவது நம் துறையில் அனிச்சைச் செயலாகிவிட்டது. தொங்கும் அட்டை யார் கண்ணிலும் படும். தாளின் நிலையோ நின்று புரட்டிப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். அதனால் கண்ணில் பட்ட குறையைச் சரிசெய்யப் போய், படாத குறையைப் பெரிதாக்கிவிடுகிறோம். பழைய நூலைப் பிரித்து மறுபடி கட்டலாமா என்பதைத் தாளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அட்டையின் முறை அதற்குப் பிறகுதான். நூலகர்களும் பைண்டர்களும் பாதுகாப்பாளர்களும் சேர்ந்து படிக்கிற இதழ் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சான நூல்களின் தாள் பெரும்பாலும் கந்தல் துணிக்கூழில் செய்தது. நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ் வந்தது. மை ஊறாமலிருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தார்கள். அந்தப் படிகாரம் தரும் அமிலம் தாளை உள்ளிருந்தே அரிக்கிறது. ஆகவே 1840இல் அச்சான நூலின் தாள் இன்றும் இதமாக வளைந்து கொடுக்கும். 1910இல் அச்சான நூலின் மூலை விரல் பட்டதும் உதிரும். பழையது என்றால் பலவீனம், அண்மையது என்றால் பலம் என்று வயதைக் கொண்டு கணக்குப் போடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

நொறுங்கும் தாளுக்கு முரட்டுக் கட்டு போட்டால் என்ன ஆகிறது? நம் ஊர் நூலகக் கட்டு பலருக்கும் தெரியும். முதுகிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளித் துளைபோட்டு ஓரத்தையல், அதன்மேல் கெட்டியாகப் பசை, காலிகோ அல்லது ரெக்ஸின். கட்டு இரும்பாக நிற்கும். நூல் பாதிக்கு மேல் திறக்காது. வாசகர் உள்ளோரத்து எழுத்தைப் படிக்க உள்ளங்கையால் அழுத்துவார். முதுகு வளைய மறுப்பதால் வளைவு முழுவதும் தையல் கோட்டில் வந்து விழுகிறது. தாள் அந்தக் கோட்டிலேயே ஒடிகிறது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அட்டை அப்படியே இருக்கும், உள்ளிருந்து தாள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருக்கும். அதை இன்னொரு முறை கட்டவும் வழியில்லை. உள்ளோரம் முழுவதையும் பழைய துளைகள் தின்றுவிட்டிருக்கும்.

தாளின் நிலையை அறிய மூலையை மடித்துப் பார்க்கும் பழைய சோதனையை அரிய நூலில் செய்ய வேண்டாம். ஏற்கெனவே உடைந்த இடங்களே சொல்லிவிடும். நூலை நடுவில் திறந்து ஒரு தாளை மட்டும் தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே தணிந்து படுத்தால் அது தையலைத் தாங்கும். விறைத்து நின்றால் தாங்காது. அமில நீக்கம் செய்துவிட்டால் கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது மேற்கொண்டு சிதைவதை மட்டுப்படுத்தும். போன பலத்தைத் திருப்பித் தராது.

பைண்டிங் மேசையில் நூலுக்கு நேரும் அடுத்த ஆபத்து கட்டிங் மெஷின். மூன்று பக்கமும் "சுத்தமாக" வெட்டித் தருவதைப் பலர் சேவையாகவே நினைக்கிறார்கள். அயர்லாந்தின் கெல்ஸ் சுவடியை உலகமே பொக்கிஷம் என்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைக் கட்டியபோது ஓரங்களை வெட்டினார்கள். சில ஓவியங்களின் விளிம்புகளும் அதோடு போயின. 1895இல் மறுபடி கட்டினார்கள். அந்தக் கட்டு விரைவிலேயே தளர்ந்து, 1920களின் இறுதியில் சில தாள்கள் தனியே கழன்று கிடந்தன. 1953இல் ராஜர் பவல் அதை நான்கு பகுதிகளாகப் பிரித்துக் கட்டினார். பவல் கையில் இருந்தது தோல்தாள். தையலைத் தாங்கும் வலு அதற்கு இருந்தது. ஒரே முதுகு சுமந்த எடையை நான்காகப் பகிர்ந்ததும் அவர் முடிவின் பகுதி. மறுகட்டே தவறு என்று நாம் சொல்லவில்லை என்பதற்கும், தவறான மறுகட்டைத் திரும்பப் பெற முடியாது என்பதற்கும் இந்த ஒரே சுவடி சாட்சி. வெட்டிய ஓரத்தைப் பவலாலும் ஒட்ட முடியவில்லை.

பழைய அட்டையைக் குப்பையில் போடும் முன் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறோமா? தமிழ் நூல்களின் மெல்லிய மேலட்டையில் விலை, விற்பனைக்குக் கிடைக்கும் இடம், அதே பதிப்பகத்தின் மற்ற நூல்கள், சில வேளைகளில் மருந்து விளம்பரம் கூட இருக்கும். தலைப்புப் பக்கத்தில் இல்லாத ஆண்டு அட்டையில் இருப்பதுண்டு. குஜிலி நூல்களைத் தொகுத்து ஒரே கட்டாகக் கட்டிவைத்த சேகரிப்பாளர்கள் இருந்தார்கள். கொலைச்சிந்துக்குப் பக்கத்தில் ரயில் விபத்துப் பாட்டையும் அதையடுத்து ஒரு பக்திக் கீர்த்தனையையும் வைத்த அந்த வரிசையே ஒரு வாசகரின் ரசனைக்கு ஆவணம். பட்டியலிட வசதி என்று அதைப் பிரித்துத் தனித்தனி அட்டை போட்டால் நூல்கள் மிஞ்சும், வாசகர் போய்விடுவார். முதுகில் ஒட்டிய கழிவுத் தாளில் வேறொரு நூலின் அச்சுப் பக்கம் ஒளிந்திருக்கலாம்.

இதை உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று ஒதுக்குபவர்களுக்கு ஃபிளாரன்ஸை நினைவூட்டலாம். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு பெருகித் தேசிய நூலகத்தில் புகுந்தது. மீட்புப் பணிக்கு வந்தவர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் கிளார்க்சன், பலகையில்லாமல் வெறும் தோல்தாள் போர்த்திய எளிய கட்டுகள் சேற்று வெள்ளத்தை ஆடம்பரக் கட்டுகளைவிட நன்றாகத் தாங்கியிருந்ததைக் கவனித்தார். முதுகில் பசையைப் பெரிதாக நம்பாத கட்டுகள் அவை. அந்தக் கவனிப்பிலிருந்துதான் இன்று பல பட்டறைகளில் செய்யும் பாதுகாப்புக் கட்டு முறை ஒன்று உருவானது. பழைய கட்டுகளை நாகரிகம் கருதி முன்பே மாற்றியிருந்தால், கற்றுக்கொள்ள அங்கே எதுவும் எஞ்சியிருக்காது.

தோல் கட்டு நூல்களில் வேறொரு சபலம். தொட்டால் கையெல்லாம் செம்பொடி. உரித்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போடத் தோன்றும். இந்தப் பொடிக்கு நம் ஊரோடு உறவு உண்டு. லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் அமைத்த குழு 1901இல் பைண்டிங் தோல்களை ஆராய்ந்து, கிழக்கிந்தியத் தோல் என்றும் பெர்ஷியன் என்றும் விற்ற ஆட்டுத்தோல்களை மிக மோசமானவை என்று முடிவு கட்டியது. பத்தாண்டு ஆவதற்குள் அவை சிதையத் தொடங்கியதை அது கண்டது. சென்னை மாகாணம் ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கப்பலேற்றிய சரக்கு அந்த வகையைச் சேர்ந்ததே. செருப்புக்கும் பைக்கும் உகந்த தோல், காற்றிலிருந்த கந்தக அமிலத்தின் முன் நிற்கவில்லை. ஆனால் தோல் பொடியாவது நூல் பொடியாவதல்ல. உள்ளே தையல் உறுதியாக இருந்தால் மேல்தோலுக்கு ஹைட்ராக்ஸிபுரொப்பைல் செல்லுலோஸை ஆல்கஹாலில் கரைத்துப் பூசி, தாளில் சுற்றி வைத்தால் போதும்.

பசையைப் பற்றி ஒரு சொல். பூச்சிக்குப் பயந்து மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது இன்னும் நடக்கிறது. பூச்சி வராதிருக்கலாம், செம்பு தாளின் சிதைவைத் துரிதப்படுத்தும். அரிய நூலின் முதுகில் அதற்கு இடமே இல்லை.

அப்படியானால் எப்போதுதான் கட்டுவது? வின்ஸ்லோவின் 1862 தமிழ்-ஆங்கில அகராதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பக்கத்தை நெருங்கும் கனத்த நூல். அது எழுபதுகளின் ரெக்ஸின் கட்டில், தையல் நூல் பல இடங்களில் அறுந்து, ஆனால் தாள் தணிந்து படுக்கும் நிலையில் உங்கள் மேசைக்கு வந்தால், தயங்காமல் பிரிக்கலாம். காப்பாற்ற வேண்டிய மூல அட்டை அதில் ஏற்கெனவே இல்லை. ஆய்வாளர்கள் அன்றாடம் கேட்கும் நூல் அது. தளர்ந்த தையலோடு கொடுத்தால் தாள்கள் தொலையும். மடிப்புகளை ஜப்பானியத் தாளாலும் கோதுமை மாவுச்சத்துப் பசையாலும் சீர்செய்து, ஃபாரம் ஃபாரமாக மடிப்பிலேயே தைத்து, நன்றாகத் திறக்கும் முதுகு கொடுங்கள். அதே அகராதியின் மற்றொரு படி மூல அட்டையோடு, முன்பலகை மட்டும் கழன்று வந்தால் பலகையை மட்டும் திரும்பப் பொருத்துவதோடு நிறுத்துங்கள். நூலின் பெயர் ஒன்றே என்பதற்காக முடிவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டிஜிட்டல் படியெடுக்கத் தட்டையாகத் திறக்க வேண்டும் என்று பிரிக்கச் சொல்பவர்களுக்கு இணங்க வேண்டாம். நூலைப் பாதி திறந்த நிலையில் தாங்கும் தொட்டிலில் வைத்தே படமெடுக்க முடியும்.

மீதமுள்ள பெரும்பான்மைக்கு, அதாவது தாள் விறைத்த நூல்களுக்கு, பெட்டிதான் சிகிச்சை. எழுபதுகளில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பீட்டர் வாட்டர்ஸின் குழு, நூல் முறை வரும்வரை காத்திருக்கட்டும் என்று எளிய அட்டைப் பெட்டியைப் பரவலாக்கியது. ஒரு நூலை முழுதாகக் கட்டும் நேரத்தில் பல நூல்களுக்குப் பெட்டி செய்துவிடலாம். நம் கடற்கரை ஈரத்தில் பெட்டிக்குள் பூஞ்சணமும் வெள்ளிப்பூச்சியும் குடியேறும் என்ற அச்சம் நியாயமானது. அமிலமற்ற அட்டையை இறுக்கமாக மூடாமல் செய்து, மழைக்காலத்துக்குப் பின் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த அட்டை கிடைக்காத இடத்தில், ஏட்டுச்சுவடிக்குச் செய்வதுபோல் வெளுத்த பருத்தித் துணியில் பொதிந்து நாடாவால் கட்டினாலும் குறைவில்லை.

இவையெல்லாம் தெரிந்தவர்களும் ஏன் பைண்டிங்குக்கே அனுப்புகிறார்கள் என்றால், பல நூலகங்களில் பைண்டிங்குக்குச் செலவுத் தலைப்பு இருக்கிறது, பெட்டிக்கு இல்லை. மார்ச் நெருங்கும்போது மீதிப் பணம் திரும்பிப் போகாதிருக்க மூட்டை மூட்டையாக நூல்கள் பட்டறைக்குப் போகின்றன. டெமிக்கு இவ்வளவு, கிரவுனுக்கு இவ்வளவு என்று குறைந்த ரேட் கொடுத்தவருக்கு வேலை. அந்த ரேட்டில் மடிப்புத் தையல் போடச் சொல்வது பைண்டருக்கு அநீதி. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வரும் ஆண்டின் கொட்டேஷனில் மூன்று வரிகளைச் சேர்க்கும்படி நூலகர்களைக் கேட்கிறோம். ஒன்று, அளவுவாரியாகப் பெட்டிக்கு ரேட். இரண்டு, 1947க்கு முன் அச்சான எதையும் வெட்டக்கூடாது, பழைய அட்டையின் துண்டுகளை உறையிலிட்டு நூலோடு திருப்ப வேண்டும் என்ற நிபந்தனை. மூன்றாவது, "இது கட்டத் தாங்காது" என்று பைண்டர் பார்த்துத் திருப்பி அனுப்பும் நூலுக்கும் ஒரு கூலி. கட்டினால்தான் காசு என்ற நிலையில் அவர் எப்படித் திருப்பி அனுப்புவார்?