குவாண்டனாமோ நீதிமன்றமும் நாற்பது நொடித் தாமதமும்

கியூபா தீவின் ஒரு மூலையில் அமெரிக்கக் கடற்படைத் தளம் ஒன்று இருக்கிறது. குவாண்டனாமோ என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே செப்டம்பர் 11 வழக்கு நடக்கும் கூடத்தில், பார்வையாளர்கள் ஒலி புகாத கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் தான் உட்கார வேண்டும். உள்ளே நடப்பது கண்ணுக்கு உடனே தெரியும். காதுக்கு 40 நொடி கழித்துத் தான் வரும். எல்லோரும் எழுந்து நிற்பதைப் பார்த்து முடித்த பிறகு, எழுந்து நிற்கச் சொன்ன குரல் கேட்கும். மின்னலும் இடியும் மாதிரி!

ஏன் இந்த 40 நொடி? யாராவது அரசாங்க இரகசியத்தைச் சொல்லிவிட்டால், பாதுகாப்பு அதிகாரி ஒரு பொத்தானை அழுத்துவார். சிவப்பு விளக்கு எரியும். வெளியே இருப்பவர்களுக்கு வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும். போர்க்கால இரகசியம் காப்பாற்றப்பட வேண்டும், அதில் நியாயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 2013 ஜனவரி 28 அன்று நடந்தது வேறு. முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்படும் காலித் ஷேக் முகமதுவின் வக்கீல், சி.ஐ.ஏ.வின் இரகசியச் சிறைகள் பற்றிய ஒரு மனுவைக் குறிப்பிட்டார். உடனே விளக்கு எரிந்தது, ஒலி நின்றது. பொத்தானை அழுத்தியது நீதிபதி ஜேம்ஸ் போலும் இல்லை, அவருடைய அதிகாரியும் இல்லை. நீதிமன்றத்துக்கு வெளியே இருந்து ஓர் அரசு அமைப்பு அணைத்திருக்கிறது. தன் நீதிமன்றத்தின் ஒலியை வெளியிலிருந்து யாரோ நிறுத்த முடியும் என்பதே அந்த நீதிபதிக்கு அன்று தான் தெரிந்தது! மூன்று நாளில் அந்த இணைப்பைத் துண்டிக்க உத்தரவு போட்டார்.

இது ஏதோ ஒரு நாள் நடந்த தொழில்நுட்பக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த இராணுவ ஆணையங்கள் தொடங்கிய நாளிலிருந்து இதே கதை தான். விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்ற விதிகள், வழக்குத் தொடுப்பவர் கையிலேயே இருந்து வந்திருக்கின்றன.

2001 நவம்பர் 13ல் புஷ் ஒரு இராணுவ உத்தரவு போட்டார். 1942ல் ரூஸ்வெல்ட் எட்டு ஜெர்மன் நாசகாரர்களை இராணுவ ஆணையத்தின் முன் நிறுத்தி, ஆறு பேரைத் தூக்கிலோ துப்பாக்கியிலோ அல்ல, மின்சார நாற்காலியில் கொன்ற பழைய கதை தான் முன்மாதிரி. 2002 மார்ச்சில் பாதுகாப்புத் துறை விதிகளை வெளியிட்டது. இரகசிய அமர்வு என்றால் குற்றம் சாட்டப்பட்டவரையே வெளியே அனுப்பிவிடலாம். உள்ளே இருக்கும் இராணுவ வக்கீல், அங்கே கேட்டதைத் தன் கட்சிக்காரரிடம் சொல்லக் கூடாது. சாட்சியம் நியாயமான மனிதருக்குப் பயனுள்ளதாகத் தோன்றினால் போதும், செவிவழிச் செய்தியும் செல்லும். கடைசி மேல்முறையீடு யாரிடம்? கைது செய்ய உத்தரவு போட்ட அதே ஜனாதிபதியிடம்!

கணக்கு எழுதியவரே தணிக்கையும் செய்யக் கூடாது என்பது பி.காம். முதல் வருடத்திலேயே வரும் பாடம். பெட்டிக்கடைக் கணக்குக்கே இந்த ஜாக்கிரதை வேண்டுமென்றால், மரண தண்டனை வழக்குக்கு வேண்டாமா?

2006 ஜூன் 29ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் இந்த ஆணையங்கள் செல்லாது என்றது. வழக்குப் போட்டவர் ஹம்தான், பின்லேடனின் கார் டிரைவர். அதே வருடம் அக்டோபரில் காங்கிரஸ் புதுச் சட்டம் போட்டது. 2009ல் ஒபாமா காலத்தில் அதற்கும் திருத்தம். இதை முன்னேற்றம் என்று சொல்ல வேண்டும், கொடுமைப்படுத்தி வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று தெளிவாக வந்தது அப்போது தான். ஆனால் அந்தச் சட்டத்துக்கான விதிப் புத்தகம் எப்போது வந்தது? 15 வயதில் பிடிபட்ட கனடா நாட்டு உமர் காதரின் வழக்கு அமர்வு 2010 ஏப்ரல் 28ல் தொடங்கியது. புத்தகம் கையெழுத்தானது அதற்கு முந்தின நாள். வக்கீல்கள் அதைப் படிப்பதற்கென்று நேரம் விட வேண்டியிருந்தது. பரீட்சை ஹாலில் உட்கார்ந்த பிறகு சிலபஸ் கொடுத்தால் எந்த மாணவன் ஒத்துக்கொள்வான்?

சாதாரண நீதிமன்றம் பயங்கரவாதிகளை விட்டுவிடும் என்பது ஆதரவாளர்களின் வாதம். அவர்கள் காட்டும் உதாரணம் கைலானி. ஆப்பிரிக்கத் தூதரகக் குண்டுவெடிப்பு வழக்கில் குவாண்டனாமோவிலிருந்து நியூயார்க்குக்குக் கொண்டு போகப்பட்டவர். 280க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளில் 2010ல் நிரூபணம் ஆனது ஒன்றே ஒன்று. உண்மை தான். ஆனால் அந்த ஒன்றுக்கே அவருக்குக் கிடைத்தது ஆயுள் தண்டனை. கறாரான விதிகள் இல்லாத இராணுவ ஆணையம் டிரைவர் ஹம்தானுக்குக் கொடுத்தது ஐந்தரை வருடம். பெரும்பகுதி ஏற்கெனவே கழிந்துவிட்டதால் சில மாதங்களில் ஏமனுக்குப் போய்விட்டார். 2012ல் அந்தத் தீர்ப்பும் ரத்தானது.

குறுக்கு வழியில் போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று தானே நினைத்தார்கள்? செப்டம்பர் 11 வழக்கில் 2008லும் குற்றச்சாட்டு படித்தார்கள், 2012 மே மாதம் மறுபடியும் படித்தார்கள். முகமதுவை சி.ஐ.ஏ. 183 முறை நீரில் மூச்சுத் திணற வைத்தது. அதன் நிழல் படாத சாட்சியம் எது என்று வருடக்கணக்கில் வாதம். 2024 ஜூலையில் மூன்று பேர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும், பதிலுக்கு மரண தண்டனை இல்லை என்றும் ஒப்பந்தம் ஆனது. கையெழுத்துப் போட்டது பாதுகாப்புத் துறை நியமித்த அதிகாரி. இரண்டே நாளில் பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டின் அதைத் திரும்பப் பெற்றார். ஒப்பந்தம் செல்லும் என்றார் இராணுவ நீதிபதி. 2025 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்று செல்லாது என்றது.

குற்றச்சாட்டில் இருப்பது 2,976 பேரின் மரணம். அவர்களுடைய குடும்பத்தினரில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து விமானத்தில் அழைத்துப் போய், அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள். அந்த ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களும் அவர்களில் உண்டு, எப்படியாவது முடியட்டும் என்றவர்களும் உண்டு. தீர்ப்பைக் கேட்காமலே இறந்துபோன பெற்றோர்களும் உண்டு.