வானலையில் அவையறிதல்

திருவள்ளுவர் சொல்வன்மையை 65ஆம் அதிகாரமாக வைத்தார். அதற்கு வெகு முன்னரே, 42ஆம் அதிகாரத்தில், கேள்வியை வைத்துவிட்டார். கேட்டறியாதவன் பேசப் புகுதல் கூடாது என்பதே இம்முறைவைப்பின் உட்கிடை என வகுப்பில் கூறுவது என் வழக்கம். இன்று கேள்வி என்றால் வினா என்றே நாம் பொருள் கொள்கிறோம். செவியால் பெறும் அறிவு என்னும் பழம்பொருள் ஏறக்குறைய வழக்கிழந்துவிட்டது. அப்பழம்பொருள் உயிரோடிருந்தே தீரவேண்டிய இடம் ஒன்று உண்டு. அதுதான் அமெச்சூர் வானொலி. உலகோர் வழக்கில் ஹாம் வானொலி.

அறிவியல் பயிலும் மாணவர் சிலர் இன்று இதில் ஆர்வங்கொண்டு, நடுவணரசின் தேர்வெழுதி, உரிமம் பெற முனைகின்றனர். பன்னிரண்டு வயது நிரம்பியவர் எவரும் இத்தேர்வை எழுதலாம். வென்றவர்க்கு 'வி.யு.' எனத் தொடங்கும் அழைப்புக்குறி ஒன்று வழங்கப்படும். உலகில் வேறு எவர்க்கும் இல்லாத பெயர் அது. மின்னணுவியலும் விதிமுறைகளும் தேர்வில் இடம்பெறுகின்றன. ஆனால், எப்போது பேசாதிருக்க வேண்டும் என்னும் அறிவை எந்த வினாத்தாளும் முழுமையாக அளந்துவிட இயலாது. மொழித்துறையினனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். கருவி அவர்களுடையது, அதன் வழியே செல்வது பேச்சு. பேச்சின் ஒழுங்கு பற்றிக் கூற எமக்கும் உரிமையுண்டு.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். தொலைபேசியில் இருவரும் ஒருங்கே பேசினாலும் ஒருவர் குரல் மற்றவர் செவியில் விழும். ஹாம் வானொலியில் பொதுவாக அவ்வாறன்று. ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்திய கணத்தில் நம் ஏற்பி ஊமையாகிவிடுகிறது. பேசுகின்றவன் அத்தனை நேரமும் செவிடன். அவ்வேளையில் அதே அலைவெண்ணில் ஒருவன் உதவி கேட்டு அலறினாலும் அவன் அறியான். அது மட்டுமன்று, அவனுடைய அலை வலிமையுடையதாயின் அந்த அலறலைக் கேட்டிருக்கக்கூடிய பிறரையும் செவிடாக்கிவிடும். இந்த ஒழுக்கத்தை வெறும் நாகரிகம் என்று நான் கருதாமைக்கு இதுவே காரணம்.

இதற்கு வரலாறு தந்த சான்று கொடியது. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, வட அட்லாண்டிக்கில் பனிப்பாறைகளிடையே நின்றுவிட்ட கலிபோர்னியன் என்னும் கப்பலின் கம்பியில்லாத் தந்தியாளர் சிரில் எவன்ஸ், அருகே சென்ற டைட்டானிக்கிற்கு அச்செய்தியைத் தெரிவித்தார். டைட்டானிக்கின் தந்தியாளர் ஜாக் பிலிப்ஸோ, அப்போது கேப் ரேஸ் கரைநிலையத்துக்குப் பயணிகளின் தனிச்செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார். மிக அருகிலிருந்து வந்த பேரொலி அவர் வேலையைக் குலைத்தது. வாயை மூடு, நான் வேலையாயிருக்கிறேன் என்னும் பொருள்பட அவர் கடிந்துரைத்தார். எவன்ஸ் சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டுக் கருவியை நிறுத்தி உறங்கச் சென்றார். சில நிமிடங்களில், 11.40 மணிக்கு, டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. நள்ளிரவுக்குப் பின் அது எழுப்பிய அபயக்குரலைக் கேட்கக் கலிபோர்னியனில் விழித்திருந்த செவி இல்லை. மாண்டோர் 1500 பேர் அளவினர்.

பிலிப்ஸ் மீது மட்டும் குற்றம் சாட்டுதல் நேர்மையன்று. அவர் இறுதிவரை அபயக்குறி அனுப்பிக்கொண்டே இருந்து உயிர் நீத்தவர். எவன்ஸும் தம் செய்தியை முறையான எச்சரிக்கையாகத் தொடங்காமல், நண்பரோடு உரையாடுவதுபோலத் தொடங்கினார். ஒருவர் இடமறியாது குறுக்கிட்டார். மற்றவர் கேளாது கடிந்தார். இவ்விரண்டும் நாள்தோறும் எந்தக் கூட்டத்திலும் நிகழக்கூடிய சிறு பிழைகளே. அன்று அவை நடுக்கடலில் நிகழ்ந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே அமெரிக்கா வானொலிச் சட்டம் இயற்றி, அமெச்சூர்களும் உரிமம் பெறவேண்டும் என விதித்தது. இன்று நம் மாணவர் கையில் பெறும் உரிமத்தாளின் முன்வரலாற்றில் அந்த இரவுக்கும் பங்குண்டு.

ஆகவே புதியவர் செய்யவேண்டிய முதற்செயல் கேட்டல். இரண்டாவது செயல் வினவுதல். அலைவெண் வெறுமையாய்த் தோன்றினும், உடனே அழைப்பு விடுத்தல் ஆகாது. இவ்வலைவெண் பயன்பாட்டில் உள்ளதா எனத் தம் அழைப்புக்குறியைச் சொல்லிக் கேட்டு, சற்றே பொறுத்து, மீண்டும் ஒருமுறை கேட்டல் முறை. ஒன்றும் கேட்கவில்லையே, பின் ஏன் வினவ வேண்டும் என மாணவர் கேட்பர். சிற்றலைகள் வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவன. அதனால் பல்லாயிரங் கல் தொலைவிலுள்ள நாடு கேட்கும். இருநூறு கல் தொலைவிலுள்ள ஊர் கேட்காது. இருவர் உரையாடலில் ஒருவர் குரல் நமக்கு முற்றிலும் எட்டாமற்போகலாம். மற்றவர் அக்குரலைக் கேட்டு மௌனமாயிருக்கும் நேரத்தில் நாம் வெறுமையென எண்ணி நுழைந்துவிடுவோம். பிறர் இல்லத்துள் புகுமுன் வாயிலில் நின்று சலாம் உரைத்து அனுமதி கேட்பதும், மும்முறை கேட்டும் மறுமொழி இல்லையெனில் திரும்பிவிடுவதும் நம் வீடுகளில் சிறுவயதிலேயே கற்பிக்கப்படுவன. ஒரு வேறுபாடு உண்டு. வீட்டு வாயிலில் மௌனம், திரும்பிப் போ என்பதாகும். வானலையில் மௌனம், உள்ளே வா என்பதாகும். கேட்டு நிற்றல் மட்டும் இரண்டிற்கும் பொது.

அடுத்தது முறைவைத்துப் பேசுதல். காஞ்சியின் பட்டுத்தறிகளைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பிள்ளையார்பாளையத்துத் தறியொன்றில் கோர்வைச் சேலை நெய்யப்படுவதைப் பார்த்தால், நெய்பவரோடு பக்கத்தில் ஓர் உதவியாளும் அமர்ந்திருப்பார். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரு நாடாக்கள் என மூன்று நாடாக்கள் ஓடும். ஒருவர் நாடாவை வீசியபின் மற்றவர் கை பற்றித் திருப்பும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் உடலும் கரையும் கோவாமல் பிரிந்து நிற்கும். வானொலியிலும் ஒருவர் 'ஓவர்' என முடித்தபின் மற்றவர் உடனே பாய்ந்து பொத்தானை அழுத்தலாகாது. ஓரிரு நொடி இடைவெளி விடவேண்டும். அவ்விடைவெளி நம் இருவர்க்காக விடப்படுவதன்று. அவசரச் செய்தியோடு காத்திருக்கும் மூன்றாமவர்க்காக விடப்படுவது. ரிப்பீட்டர் எனப்படும் மறுஒலிபரப்பு நிலையங்களின் வழிப் பேசுவோர்க்கு இது இன்றியமையாதது. ஓர் ஊரார் அனைவரும் அந்த ஒரே நிலையத்தை நம்பியிருப்பர்.

இங்கே எம் துறை மாணவர்க்கும் ஒரு சொல். பேச்சுப் போட்டிகளில் பரிசு பெற்ற நாவினர், அவையோரை விளித்து, அடுக்குத்தொடர் பெருக்கி, பத்து நிமிடம் கழித்தே பொருளுக்கு வருவர். மேடையில் அதற்குக் கைத்தட்டல் கிடைக்கும். ரிப்பீட்டர்கள் பலவற்றிலோ குறித்த சில நிமிடங்களுக்கு மேல் பேசுவோரின் தொடர்பைத் தானே துண்டிக்கும் கருவி உண்டு. மேடைகளுக்கும் அத்தகைய கருவி ஒன்று வாராதா என நான் ஏங்கியதுண்டு!

கேட்டு அடங்கும் பண்பின் பயனை நம் நாடே கண்டிருக்கிறது. 2004 டிசம்பரில், ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில், திருமதி பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானில் போர்ட் பிளேர் நகரிலிருந்து ஒலிபரப்பியது. பல்லாண்டுகளாக அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்பு இல்லாதிருந்தமையால், வி.யு.4.ஆர்.பி.ஐ. என்னும் அக்குறியோடு ஒருமுறையேனும் தொடர்புகொள்ள உலகெங்கும் இருந்து அழைப்புகள் குவிந்தன. அரிய நிலையம் ஒன்றை ஆயிரவர் ஒரே நேரத்தில் அழைக்கும் நெரிசலுக்கென்றே ஓர் ஒழுங்கு உண்டு. அந்நிலையம் ஓர் அலைவெண்ணில் பேசி, சற்று மேலுள்ள அலைவெண்ணில் கேட்கும். இதனைச் செவிகொடுத்து அறியாத புதியவர், அந்நிலையம் பேசும் அலைவெண்ணிலேயே கூவி, அதன் குரலை எல்லார்க்கும் மறைத்துவிடுவர். கருடசேவை நாளில் பெருமாள் வரும் வழியின் நடுவிலேயே ஒருவர் நின்றுகொள்வதைப் போன்றது அது.

டிசம்பர் 26 காலை நிலம் நடுங்கியது; ஆழிப்பேரலை எழுந்தது. தொலைபேசிகள் செயலிழந்த தீவுகளில் அக்குழுவின் நிலையம் அன்றே துயர்ச்செய்தி நிலையமாயிற்று. தொடர்பு எண்ணிக்கை போயிற்று. இன்னார் உயிரோடிருக்கிறார் என்னும் செய்தி தாய்நாட்டு உறவினர்க்குச் செல்லும் வழியாயிற்று. அழைத்துக் குவிந்திருந்தோர் அடங்கி வழிவிட்டால்தான் அத்தகைய பணி நடைபெற இயலும். இலங்கையிலும் அதே நாள்களில் அந்நாட்டு வானொலிச் சங்கத்தினர் சிற்றலை வழியே தென்கரையின் செய்திகளைக் கொழும்புக்குச் சேர்த்தனர். கைப்பேசி இருக்க இதெல்லாம் எதற்கு என்பாரும் உளர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் கைப்பேசிச் சேவை பல இடங்களில் நின்றுபோனதை நாம் மறந்துவிடலாகாது.

விளிமுறையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். வானலையில் பட்டமும் பதவியும் செல்லா. ஜோர்டான் மன்னர் உசேன் 'ஜே.ஒய்.1' என்னும் குறியோடு பேசியபோது தம்மை உசேன் என்றே அறிமுகம் செய்துகொண்டார். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்திக்கும் 'வி.யு.2.ஆர்.ஜி.' என்னும் குறி இருந்தது. பெயருக்கு முன்னும் பின்னும் எழுத்துகளைச் சேர்த்தே பழகிய எம் போன்றோர்க்கு இது நல்ல பயிற்சி. ஆனால் பட்டம் இல்லை என்பதனால் மரியாதை இல்லை என்றாகாது. தமிழில் பேசும்போது, வயதில் இளையவராயினும் 'நீங்கள்' என விளித்தலே தக்கது. முகம் தெரியாத இடத்தில் உரிமை கொண்டாடுதல் எளிதில் புண்படுத்தும். பெண் ஒருவர் குரல் கேட்டவுடன் அவரை மட்டும் சூழ்ந்துகொண்டு விடாது பேசுவிப்பாரும் உளர். அதனை நட்பென்று கூறுதல் பொருந்தாது. அவரும் உரிமம் பெற்ற ஒரு நிலையத்தார், அவ்வளவே.

குறிகள் சிலவற்றின் பொருளறிந்து ஆளுதல் வேண்டும். '73' என்பது தந்திக்காலம் தொட்டு வரும் நல்வாழ்த்து. அதுவே பன்மை, பின்னும் ஒரு பன்மை விகுதி சேர்ப்பது, 'வாழ்த்துகள்கள்' என்பதற்கு ஒப்பாம். ஒலித்தெளிவுக்கும் வலிமைக்கும் தரும் '59' என்னும் மதிப்பெண்ணை, இரைச்சலில் பாதி கேளாத குரலுக்கும் கொடுப்பது இன்று பெருவழக்காகிவிட்டது. மனம் நோகக் கூடாதென்று தேர்வுத்தாளில் மதிப்பெண் வாரி வழங்கும் ஆசிரியரை நாம் மெச்சுவதில்லை. கேட்பவர் உண்மையைச் சொன்னாலன்றித் தம் ஆன்டெனாவின் குறையை ஒருவர் எங்ஙனம் அறிவார்?

மிகுந்த ஆற்றலோடு ஒலிபரப்புதலும் ஒருவகை உரத்த பேச்சே. கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோள் 2018 நவம்பரில் விண்ணில் ஏவப்பட்டது. அதில் அமெச்சூர்களுக்கென அமைந்த ஏற்பாட்டினைத் தமிழகத்திலிருந்தும் பயன்படுத்த இயலும். அதன் ஆற்றலைப் பலர் பகிர்ந்துகொள்வதால், ஒருவர் அளவு மீறினால் மற்றோர் குரல் தாழும். எனவே மீறுவோர் அலையின் மீதே சங்கொலி போன்ற எச்சரிக்கையை எழுப்பும் அமைப்பொன்றை வைத்துள்ளனர். அதன் பெயர் லைலா. பெயர் நம்மவர்க்கு மஜ்னூனை நினைவூட்டினும், அது ஜெர்மானியச் சொற்களின் சுருக்கமே. மனிதர் தாமே அடங்காதபோது பொறி கொண்டு அடக்க நேர்ந்தது.

சமயம், அரசியல், வாணிகம் ஆகியவற்றை வானலையில் தவிர்க்குமாறு, பெல்ஜிய அமெச்சூர் இருவர் 2008இல் எழுதிய ஒழுக்கநெறி நூலும் அறிவுறுத்துகிறது. சைவமும் வைணவமும் சமணமும் இசுலாமும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் காஞ்சியில், சந்தைக்கு நடுவே எதைப் பேசலாம், எதைப் பேசலாகாது என்பதை மக்கள் நூல் பார்த்துக் கற்றதில்லை.

இத்தனையும் புதியவர்க்கே கூறினேன். மூத்தோர்க்கும் கூறவேண்டியது ஒன்றுண்டு. பிழைசெய்த புதியவரைப் பலர் கேட்க அதட்டும் பழக்கம் வானலையில் உலகெங்கும் உள்ளது. அதட்டுவதற்காக அவர் பிடிக்கும் அலைவெண்ணும் பிறர்க்கு இடையூறே. அதட்டுண்டவர் பலர் கருவியை மூடிவைத்துவிடுவர், மீண்டும் வாரார். வேண்டுமென்றே குழப்பம் செய்பவன் மறுமொழியையே விரும்புகிறான். அவனுக்கு மௌனம் போதும். அறியாது பிழைத்தவர்க்கோ உரையாடல் முடிந்தபின் கடிதத்திலோ தொலைபேசியிலோ தனியே சொல்லலாம்.

ஹாம் நிலையம் தொடங்கும் கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் இது. உரிமம் வந்த அன்றே ஒலிவாங்கியை மாணவர் கையில் கொடாதீர்கள். ஒரு மாத காலம் ஏற்பியை மட்டும் கொடுங்கள். நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம், கேட்டவற்றை அழைப்புக்குறியோடும் நேரத்தோடும் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். யார் இடைவெளி விட்டார், யார் விடவில்லை என்பதையும் அக்குறிப்பேட்டில் எழுதட்டும். அதனைத் திருத்தும் பணியைத் தமிழ்த்துறை ஏற்றுக்கொள்ளும்.