உடைஞ்ச சிமெண்ட் ஷீட்டை எங்கே கொட்டுவது?

போன வாரம் மழை விட்டதும் தோப்புக்குப் போற வண்டிப்பாதையைப் பார்க்கப் போனேன். மேல்மண் கரைஞ்சு ஓடிப்போய், அடியில் கிடந்த சாம்பல் நிறச் சில்லுகள் எல்லாம் வெளியே தெரிஞ்சது. அது என் வீட்டுக் கூரைதான். கஜா புயலில் உடைஞ்ச ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதைச் சம்மட்டியால் நொறுக்கி இந்தப் பாதையில் கொட்டினதும் நான்தான்.

2018 நவம்பர் 16 விடியற்காலை எங்க பக்கம் என்ன நடந்ததுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். தென்னை போனதைப் பத்தி இங்கேயே நிறைய எழுதியிருக்கேன். கூரையைப் பத்தி எழுதினதில்லை. மாட்டுக் கொட்டகை, சமையல்கட்டுத் தாழ்வாரம் ரெண்டும் ஷீட். ஒண்ணுகூட முழுசா மிஞ்சலை. வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கிட்டு துண்டு பொறுக்கினாங்க. பள்ளிக்கூடம் போயிட்டிருந்த மகன் கூடையில் அள்ளிக் கொடுத்தான். நான் அடிச்சு நொறுக்கினேன். மூணு பேர் தலையிலும் வெள்ளைத் தூசி. சிமெண்ட் தூசிதானே, குளிச்சா போயிடும்னு நினைச்சோம். எங்க தெருவில் எல்லாரும் இதையேதான் செஞ்சாங்க. சில பேர் வாய்க்காலில் கொட்டினாங்க, சில பேர் குட்டையில்.

அந்த ஷீட்டில் பத்தில் ஒரு பங்கு போல இருப்பது கல்நார். மண்ணுக்குள் விளையும் ஒரு தாது. உடைச்சா கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி இழையா பிரியும். மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, கரையாது. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது, நுரையீரல் புற்று, நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்று, இதெல்லாம் அதனால் வரும். உடனே வராது, இருபது முப்பது வருசம் கழிச்சு வரும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும், வெள்ளைக் கல்நாரும் சேர்த்துத்தான் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கு. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்தாச்சு. நம்ம நாட்டில் சுரங்கத்தில் வெட்டி எடுப்பதை நிறுத்திட்டாங்க. ஆனால் ரஷ்யாவில் இருந்து கப்பல் கப்பலாக வாங்கி ஷீட் போடுறோம்.

கம்பெனிக்காரங்க சொல்லும் பதில் ஒண்ணு உண்டு. "இழை சிமெண்டுக்குள் கெட்டியா இறுகியிருக்கு, அதனால் ஆபத்தில்லை" என்பாங்க. அதில் பாதி உண்மை. நல்லா இருக்கும் ஷீட்டுக்கு அடியில் இன்னைக்கு ராத்திரி படுத்தால் யாரும் செத்துப்போக மாட்டாங்க. அதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஷீட் என்ன சாகாவரம் வாங்கி வந்ததா? வெயிலிலும் மழையிலும் மேல்பூச்சு தேயும். குரங்கு குதிச்சா விரியும். தேங்காய் விழுந்தா பொத்தல் விழும். ஆணிக்கு ஓட்டை போடணும், அளவுக்கு அறுக்கணும், ஒருநாள் கழட்டணும். இறுகியிருக்கும் இழை வெளியே வருவது அப்போதுதான். அந்த நேரத்துக்குத்தான் நம்ம நாட்டில் ஒரு ஏற்பாடும் இல்லை.

"கிராமத்தான் விவரம் இல்லாமல் இதைப் போட்டுக்கிட்டான்" என்று யாரும் சொல்ல வேண்டாம். கீற்றுக்கூரை ரெண்டு மூணு வருசத்துக்கு ஒரு தடவை பிரிச்சு வேயணும், வேயத் தெரிஞ்ச ஆளும் இப்போ கிடைப்பதில்லை. தீப்பிடிச்சா ஒண்ணும் மிஞ்சாது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் கீற்றுக்கூரை எரிஞ்சு 94 பிள்ளைகள் போனதை எங்க ஜில்லாவில் மறந்தவங்க கிடையாது. அதுக்கப்புறம் பள்ளிக்கூடக் கீற்றை எல்லாம் பிரிக்கச் சொன்னாங்க. பல இடங்களில் அதுக்குப் பதிலா ஏறினது இந்த ஷீட்தான். தீயிலிருந்து பிள்ளைகளைக் காப்பாத்தத்தான் போட்டோம். அதைக் குற்றம் சொல்ல முடியாது. போட்டதை ஒருநாள் இறக்கணும் என்பதை யாரும் யோசிக்கலை, அதைத்தான் குற்றம் சொல்றேன்.

சட்டமே இல்லையான்னு கேட்பீங்க. தொழிற்சாலைக்கு இருக்கு. கல்நார் ஆலைத் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை 40 வருசம் வைக்கணும்னு 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. நோய் மெதுவாக வரும் என்பதால்தான் அத்தனை வருசம். ஆலையில் மிஞ்சும் கல்நார்க் கழிவு அபாயகரக் கழிவுப் பட்டியலில் இருக்கு. அதே பொருள் உடைஞ்சு என் வாசலில் கிடந்தால் வெறும் குப்பை. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளில் வீட்டில் சேரும் அபாயகரக் குப்பை என்னென்னன்னு பெயர் சொல்லியிருந்தாங்க. பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப்லைட், பழைய பேட்டரி, ஊசி. உடைஞ்ச ஷீட் பெயர் அதில் இல்லை.

எத்தனை வீட்டில் இந்தக் கூரை இருக்கு என்ற கணக்காவது உண்டா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் ஒரே கட்டத்தில். தகரம் போட்டவனையும் கல்நார் போட்டவனையும் ஒண்ணா எண்ணிட்டு, எதை வெச்சு ஆபத்தை அளப்பது?

நான் விசாரிச்சும் பார்த்தேன். ஒரு அலுவலகத்தில், "அண்ணே, பழைய இரும்புக் கடையில போட்டுடுங்க" என்றார் அந்தத் தம்பி. "இது இரும்பு இல்லையே தம்பி" என்றேன். அடுத்த அலுவலகத்தில், "இது எங்க வேலை இல்லீங்க, அங்க கேளுங்க" என்று முதல் இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். மூணாவது இடத்தில் இருந்த அதிகாரி நல்ல மனுசர். ஆபத்துன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. "சார், உங்க வீட்ல உடைஞ்சதை என்ன பண்ணினீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துட்டு, "ஊருக்கு வெளியே கொட்டச் சொன்னேன்" என்றார். ஊருக்கு வெளியே என்பது எங்க ஊர்தாங்க.

நகரத்து நண்பர்களே, இங்கேதான் நீங்களும் வர்றீங்க. உங்க மொட்டைமாடியில், கார் நிறுத்தும் இடத்தில் இருந்த ஷீட்டைக் கழட்டி கான்கிரீட் போடும்போது அது எங்கே போகுதுன்னு கேட்டிருக்கீங்களா? வீடு இடிக்கிற ஆள் அதைப் பழைய சாமான் கடையில் போடுவார். அங்கிருந்து பாதி விலைக்கு எங்க ஊருக்கு வரும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆட்டுக் கொட்டகைக்கு அப்படித்தான் வாங்கினார். பழைய ஆணி ஓட்டை எல்லாம் அப்படியே இருந்தது. அளவுக்கு அறுக்க வந்த பையனுக்கு இருபது வயசு இருக்கும். கட்டிங் மெஷினை வெச்சு அறுக்கிறான், புகை மாதிரி தூசி பறக்குது. முகத்தில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. அவனுக்கு ஐம்பது வயசில் மூச்சு வாங்கினால், எந்த டாக்டர் அவனிடம் "தம்பி, நீ எப்பவாவது ஷீட் அறுத்தியா?" என்று கேட்கப்போறார்?

அதனால் சட்டம் வேணும். ஆனால் எப்படிப்பட்ட சட்டம் என்பதில் கவனம் வேணும். "ஷீட் வெச்சிருந்தால் அபராதம், உடைச்சால் கேஸ்" என்று ஒரு சட்டம் வந்தால், எங்க ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியா கழட்டி உடைச்சு வாய்க்காலில் தள்ளிடுவாங்க. இப்போ இருப்பதைவிட அது மோசம். ஏழைக்கு அபராதம் போட்டு விஷத்தை ஒழிக்க முடியாது.

தென்கொரியாவைப் பாருங்க. 1970-களில் அந்த அரசாங்கமே கிராம முன்னேற்ற இயக்கம் நடத்தி, வைக்கோல் கூரையைப் பிரிச்சு கல்நார் ஷீட் போட வெச்சது. நம்ம கதையேதான். 2009-ல் முழுசா தடை செஞ்சாங்க. 2011-ல் இருந்து, பழைய வீட்டுக் கூரையை முறைப்படி கழட்ட அரசாங்கமே பணம் கொடுக்குது. போட வெச்சவன் இறக்கவும் உதவணும் என்பதுதான் நியாயம். போலந்து நாடு 2032-க்குள் எல்லாக் கூரையையும் இறக்குவோம் என்று கெடு வெச்சு வேலை செய்யுது.

இங்கே கேட்பது பெரிசா ஒண்ணுமில்லை. வீட்டுவரி ரசீதுக்காக ஊராட்சியில் வீடு வீடா எழுதத்தானே செய்யுறாங்க? அதில் கூரை ஆஸ்பெஸ்டாஸா, என்ன நிலையில் இருக்கு என்று ஒரு வரி சேர்க்கட்டும். ஒன்றியத்துக்கு நாலு பேருக்குக் கழட்டும் முறையில் பயிற்சி, முகக்கவசம், உடுப்பு கொடுக்கட்டும். மாவட்டத்துக்கு ஒரு இடத்தில் தார்ப்பாய் விரிச்ச, பூட்டுப் போட்ட குழி இருக்கட்டும். கொண்டுவந்து போடுபவனுக்குக் கட்டணம் வேண்டாம். பழைய ஷீட் மறுவிற்பனையை நிறுத்தட்டும். குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்ட 3.5 லட்சம் கொடுக்கிற அரசாங்கம், ஷீட் வீட்டுக்காரனுக்கு ஓட்டுக்கும் தகரத்துக்கும் கொஞ்சம் கொடுக்கக் கூடாதா? இதுக்கான செலவை ஷீட் விற்று லாபம் பார்த்தவங்களிடம் வாங்கட்டும்.

அதுவரைக்கும் உங்க வீட்டில் ஷீட் இருந்தால்: நல்லா இருப்பதைத் தொடாதீங்க, தேய்ச்சுக் கழுவாதீங்க. கழட்டியே ஆகணும் என்றால் முதலில் நல்லா தண்ணி அடிச்சு நனையுங்க. போல்ட்டைக் கழட்டி முழுசா இறக்குங்க. உடைக்காதீங்க, மெஷின் வைக்காதீங்க. தோளில் போடும் துண்டு இந்த இழையைத் தடுக்காது, நல்ல முகக்கவசம் வேணும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீங்க. கெட்டியான பாலிதீனில் ரெண்டு சுற்று சுற்றி வையுங்க. முக்கியமா, பழைய சாமான் கடைக்குக் கொடுக்காதீங்க.

பாதைச் சில்லுகளை நான் தண்ணி தெளிச்சு, ரெண்டு டிராக்டர் களிமண் போட்டு மூடியிருக்கேன். தீர்வு இல்லைன்னு தெரியும். அடுத்த பெருமழைக்கு மறுபடி வெளியே வரும். எந்த இடத்தில், எத்தனை அடி நீளத்துக்குக் கிடக்குதுன்னு ஒரு நோட்டில் எழுதி, அன்னைக்குக் கூடையில் அள்ளின என் மகனிடமே கொடுத்திருக்கேன். நான் போன பிறகும் அங்கே யாரும் தோண்டக் கூடாது. அரசாங்கம் வைக்க வேண்டிய பதிவேடு அது. இப்போதைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டில் எங்க வீட்டு அலமாரியில் இருக்கு.