செடிக்கும் உண்டு நுழைவுத் தேர்வு!

அதிக மதிப்பெண் எடுத்தால், 'உள்ளே வராதே' என்று விரட்டும் தேர்வைக் கேள்விப்பட்டதுண்டா? ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு தேர்வு இருக்கிறது. தேறவேண்டியது பிள்ளைகள் அல்ல, செடிகள்!

வெளிநாட்டுச் செடி ஒன்றைப் புதிதாக அந்த நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமா? அதைப் பற்றி 49 கேள்விகள் கேட்பார்கள். ஆபத்தான குணம் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கூடும். 6-க்கு மேல் போனால் அனுமதி கிடையாது.

இந்தத் தேர்வு எதற்கு? உண்ணிச்செடியைப் பாருங்கள். பூ அழகாக இருக்கிறதே என்று ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத்துக்காகக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி அது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் போட்டன. இன்று மான் மேயும் புல்லையே அது மூடிவிட்டது. அந்நியச் செடிகளை அகற்றிக் காட்டை மீட்க, தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது.

இப்போது மூங்கிலுக்கு வருவோம். தனியார் நிலத்தில் வளரும் மூங்கிலை வெட்ட வனச் சட்டம் தடையாக இருந்தது. 2017-ல் அந்தத் தடை நீங்கியது. மூங்கில் வளர்க்க அரசும் ஊக்கம் தருகிறது. வீட்டு வாசலிலும், விடுதித் தோட்டத்திலும் அழகு மூங்கில் நடுகிறார்கள். கள்ளக்குறிச்சியிலோ, கல்வராயன் மலையிலோ ஒருவர் நட விரும்பினால், மூன்று கேள்வி கேட்டாலே போதும்.

ஒன்று: வேர் எப்படி?

மூங்கிலில் இரண்டு வகை. கொத்து மூங்கில் ஒரே இடத்தில் புதராக வளரும். ஓடும் மூங்கிலோ மண்ணுக்கடியில் தண்டை நீட்டி, பக்கத்து வீட்டில் போய் முளைக்கும்! அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், அது அடுத்தவர் நிலத்தைக் கெடுத்தால் நட்டவரே பொறுப்பு என்று 2013-ல் சட்டம் போட்டார்கள். இவ்வகைக்குக் குளிர்ச்சி பிடிக்கும். எனவே சமவெளியைவிட மலை மேல்தான் அதிக எச்சரிக்கை தேவை.

இரண்டு: துண்டு முளைக்குமா?

பச்சைக் கோடு போட்ட மஞ்சள் மூங்கிலைப் பார்த்திருப்பீர்கள். அது கொத்து வகைதான், ஓடாது. ஆனால் வெட்டிய துண்டு ஈர மண்ணில் விழுந்தால், கணுவில் வேர் விட்டுவிடும். ஜமைக்கா தீவில் ஆற்றங்கரை ஓரமாக இது பரவியிருக்கிறது.

மூன்று: தண்ணீர் எங்கே போகிறது?

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு, கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கி, வயல்களுக்குப் பாய்கிறது. மலை ஓடையில் வீசிய துண்டு, வெள்ளத்தோடு கீழே எங்கு வேண்டுமானாலும் கரை ஒதுங்கலாம் அல்லவா?

அப்படியானால் மூங்கிலே வேண்டாமா? வேண்டும்! கூடை, முறம், ஏணி எல்லாம் தருவது மூங்கில்தானே? கல்மூங்கிலும் முள்மூங்கிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கே சொந்தமானவை. அவற்றை நடலாம். மஞ்சள் மூங்கிலை ஓடைக்கு எட்டத்தில் வைத்து, வெட்டிய துண்டுகளை நன்றாகக் காயவைத்துவிட வேண்டும். ஓடும் மூங்கிலை மட்டும் நட வேண்டாம்.

மேஜை மேல் கண்ணாடிக் குவளையில் வளரும் 'லக்கி பாம்பூ' பற்றிக் கவலை வேண்டாம். அது மூங்கிலே அல்ல. ஆப்பிரிக்கச் செடி ஒன்றுக்கு வியாபாரிகள் வைத்த பெயர்!

அடுத்த முறை நர்சரிக்குப் போகும்போது விலையை அப்பா கேட்கட்டும். 'இது கொத்து வகையா, ஓடும் வகையா?' என்று நீங்கள் கேளுங்கள். நட்ட பிறகு பிடுங்குவதைவிட, நடுமுன் கேட்பது எளிது.