சுபம் போடாத படம்!

இரவு மணி பதினொன்றரை. கடையை அடைத்துவிட்டு வந்து, சாப்பிட்டு முடித்துப் பாயில் சாய்ந்த அப்பா ஒரு அதட்டல் போடுகிறார்.

"டேய்! இன்னுமா கேம் ஆடறே? போனை வைடா!"

பையன் தலையைத் தூக்காமலே பதில் சொல்கிறான்.

"நீங்க வச்சிட்டீங்களாப்பா?"

அப்பாவுக்குக் கோபம் வருகிறது. பதில் வரவில்லை. காரணம், அவர் கையிலும் ஒரு போன். அதில் ஓடுவது முப்பதாவது "ரீல்சா", நாற்பதாவதா? அவருக்கே தெரியாது. கல்லாவில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடித்து விடுகிறவர் அவர்!

சென்னையில் எத்தனையோ வீடுகளில் இது தினசரி நாடகம். திட்டு வாங்குவது மட்டும் பிள்ளைகள்.

விளக்கு எரியவில்லை

சினிமாவுக்குப் போனால் கடைசியில் "சுபம்" போடுவார்கள். விளக்கு எரியும். ஜனங்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள்.

1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி சென்னைக்கு டெலிவிஷன் வந்தது. வெள்ளிக்கிழமை "ஒளியும் ஒலியும்" என்றால் தெருவே வெறிச்சோடும். ஆனால் பாட்டு முடிந்ததும் தெரு மறுபடி நிறைந்துவிடும். ராத்திரியானால் டெலிவிஷனும் தூங்கப் போய்விடும்.

செல்போன் தூங்குவதில்லை. ஒரு ஆட்டம் முடிந்தால் அடுத்த ஆட்டம் தயார். ஒரு வீடியோவைத் தள்ளினால் அடுத்தது வந்து நிற்கிறது. "இன்று வந்தால் பரிசு, வராவிட்டால் போச்சு" என்று ஆட்டமே ஆளைக் கூப்பிடுகிறது. பரிசு எப்போது விழும் என்று சொல்லாமல் வைத்திருப்பதுதான் சூட்சுமம். லாட்டரிச் சீட்டு வாங்கியவரை மறுநாளும் வாங்க வைத்தது இதே சூட்சுமம்தான்!

பையன் கெட்டுப்போனவன் அல்ல. "சுபம்" போடாத படத்தில் மாட்டிக் கொண்டிருக்கிறான். அவ்வளவுதான்.

வாங்கிக் கொடுத்தது யார்?

2020-ம் ஆண்டு மார்ச்சில் கொரோனா வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் போனுக்குள் போயிற்று. நகையை அடகு வைத்துப் பிள்ளைக்குப் போன் வாங்கிய தாய்மார்கள் உண்டு. தவணையில் வாங்கிய குமாஸ்தாக்கள் உண்டு.

2021-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தன. பாடம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது. போன் வீட்டிலேயே தங்கிவிட்டது!

கைக்குழந்தை கதை இன்னும் பரிதாபம். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியது ஒரு காலம். இப்போது போனைக் காட்டினால்தான் வாய் திறக்கிறது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. கேட்டவர் யார்?

எல்லா ஆட்டமும் விஷம் என்று யாரும் சொல்லவில்லை. படிப்பை முடித்துவிட்டு அரை மணி நேரம் ஆடுகிற பையனால் குடி முழுகாது. ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை, சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் பின்னால் போய்விட்டது, கெடுதல் என்று தெரிந்தும் விட முடியவில்லை, இந்த நிலை வழக்கமாக ஒரு வருடம் நீடித்தால் அதை நோய் என்றே உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பெங்களூர் நிமான்ஸ் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனி சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

சட்டம் போட்டால் தீருமா?

தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு ஜனவரியில் லாட்டரிக்குத் தடை வந்தது. பிறகு அதே ஆசை ரம்மியாக செல்போனுக்குள் வந்து உட்கார்ந்தது. பணத்தைத் தொலைத்து, உயிரையும் விட்டவர்கள் உண்டு.

2022-ம் ஆண்டு அக்டோபரில் சட்டசபை தடை மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேறி ஏப்ரலில் சட்டமானது. ரம்மி திறமை ஆட்டம், அதற்கு இந்தத் தடை பொருந்தாது என்று அதே ஆண்டு நவம்பரில் ஐகோர்ட்டு சொல்லிவிட்டது. கடைசியில் 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் ஆன்-லைன் ஆட்டங்களுக்குத் தடை போட்டு பாராளுமன்றமே சட்டம் நிறைவேற்றியது.

நல்லது. பணம் போகும் வாசலுக்குப் பூட்டு வந்தது. நேரம் போகும் வாசல்?

தென்கொரியாவில் அதையும் செய்து பார்த்தார்கள். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்-லைன் ஆட்டம் ஆடக்கூடாது என்று 2011-ல் சட்டம் வந்தது. பிள்ளைகள் அப்பா, அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே புகுந்தார்கள். பலர் செல்போன் ஆட்டத்துக்குத் தாவினார்கள். அதைக் கைவிடப் போவதாக 2021-ல் அரசே அறிவித்தது.

வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்க போலீஸ் வர முடியாது. வரவும் வேண்டாம்.

யார் முதலில்?

சாயங்கால மின்சார ரெயிலில் கடற்கரையில் ஏறி தாம்பரம் வரை பாருங்கள். உட்கார்ந்தவர், நின்றவர், வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர், எல்லோருக்கும் தலை கீழே! அதே தலையோடுதான் வீட்டுக்குள் நுழைகிறார்கள். "என்னங்க, பையனுக்குப் பரீட்சை பேப்பர் கொடுத்திருக்காங்க" என்று மனைவி சொன்னால், "ம்...". அந்த "ம்" சத்தத்தைக் கேட்டு வளரும் பையன் வேறு எப்படி இருப்பான்?

மருந்து பெரிதல்ல. கடைக்கு ஷட்டர் இருக்கிறது. ஆபீசுக்கு நேரம் இருக்கிறது. வீட்டில் போனுக்கும் ஒரு நேரம் வைக்கட்டும். ஒன்பதரை மணி என்றால் ஒன்பதரை. சார்ஜரைப் படுக்கை அறையிலிருந்து எடுத்துக் கூடத்தில் மாட்டட்டும். எல்லோர் போனும் பிரிட்ஜ் மேலே ஏறட்டும். அவசர அழைப்பு வந்தால் மணி அடிக்கும், எடுத்துக்கொள்ளலாம். சாப்பிடும்போது தட்டு மட்டும் போதும்.

முதல் வாரம் வீட்டில் சண்டை வரும். பையன் முறைப்பான். அப்பாவுக்கே கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. பிரிட்ஜ் மேலே முதலில் ஏறுவது அப்பாவின் போனாக இருக்க வேண்டும். அதன்பிறகு "போனை வைடா" என்று சொல்லிப் பார்க்கட்டும். எதிர்க்கேள்வி வராது.

போன் "சுபம்" போடாது. வீட்டுப் பெரியவர்தான் போட வேண்டும்!